மூன்றாவது தடவை

போன வாரம் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் வாசலுக்கே வந்து கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள், காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார வைத்தாள். பிறகு, "டீ போடட்டுமா அத்தை?" என்று கேட்டாள். "அதெல்லாம் வேண்டாம்மா" என்றேன். "சரிங்க அத்தை" என்று எதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாள். மத்தியானம் வரைக்கும் தலைவலியோடு உட்கார்ந்திருந்தேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்டாள், வேண்டாம் என்றேன், விட்டுவிட்டாள். என் வாயில் அந்த வேண்டாமைப் போட்டுப் பழக்கியது என் அம்மா. அம்மா போய்ப் பல வருஷமாகிறது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும், யார் எதை நீட்டினாலும், முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம்தான். கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். மூன்றாவது தடவையும் கேட்டால், "இவ்வளவு சொல்றீங்களே" என்று இழுத்துக்கொண்டே வாங்கிக்கொள்ளலாம். தட்டில் கடைசியாக ஒன்றை மிச்சம் வைத்துவிட வேண்டும், அது எவ்வளவு ருசியாக இருந்தாலும் சரி. நம் வீட்டுக்கு வருபவர்களையும் அதே மாதிரி மூன்று தடவை கேட்டாக வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் அம்மாவைப் பொறுத்தவரை அது விரட்டிவிட்டதற்குச் சமம்.

"மொத தடவை எல்லாரும்தான் கேப்பாங்க. மூணாவது தடவையும் கேக்கறவங்கதான் நெஜமா குடுக்கணும்னு நெனைக்கறவங்க" என்பாள் அம்மா. அதில் நியாயம் இல்லை என்று அன்றும் நான் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் எனக்குப் பொறுமை கிடையாது. முதல் தடவையே கை நீண்டுவிடும். உடனே தொடையில் ஒரு கிள்ளு விழும். அவசரக்குடுக்கை என்று எனக்கு வீட்டில் பேர். அந்தப் பேரிலேயே கூப்பிடுவார்கள், நானும் ஏன் என்று கேட்பேன்.

அக்கா நேர்மாறு. அம்மாவின் சட்டத்தை அம்மாவை விட நன்றாகக் கடைப்பிடித்தவள் அவள்தான். பள்ளியில் படிக்கும்போது ஒரு தோழி வீட்டுக்குப் போனாள். அவர்கள் இரண்டு தடவை சாப்பிடச் சொல்ல, இவள் இரண்டு தடவையும் வேண்டாம் என்றிருக்கிறாள். மூன்றாவது தடவை அந்த வீட்டுக்காரம்மா கேட்கவில்லை. எல்லோரும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுக்களையில் நின்றபடியே பழைய சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டாள். அம்மாவுக்குப் பெருமை ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். "கேக்க வேண்டியது அவங்க முறை. நீ பண்ணது சரிதான்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.

எங்களுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. முன்னறை கடை, நடுவில் ஒரு பச்சைத் திரை, திரைக்கு அந்தப் பக்கம் நாங்கள். கடையில் அப்பா வைத்ததுதான் சட்டம். வாடிக்கையாளரின் முகத்தில் கேட்காமல் கண்ணாடியை மாட்டக் கூடாது. துடைத்து, காதில் மாட்டும் கம்பிகளை விரித்து, இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். அவர்களே போட்டுக்கொள்ள வேண்டும். பொருந்தாத ஃப்ரேமைப் பொருந்தவில்லை என்று சொல்லக் கூடாது; "இன்னொண்ணும் பாத்துடலாமே" என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணாடி போட வருபவர்களில் பாதிப் பேர் வெட்கத்தோடு வருகிறார்கள், அவர்கள் மனதை நோகடிக்கக் கூடாது என்பார். எனக்கு அந்தக் கடையில் ஃப்ரேம் வளைக்கிற வேலை மட்டும்தான் கொடுத்தார்கள். சூடான மணல் தட்டில் கம்பியைச் செருகி இளக்கி, வளைத்துக் கொடுப்பேன். வாயைத் திறக்க வேண்டியிராத வேலை.

கண் சோதனை அக்காவினுடையது. சோதனை அறை சின்னது. எழுத்துப் பலகையைத் தள்ளி மாட்ட இடம் போதாததால், எழுத்துகளை இடவலமாக மாற்றி எழுதிய பலகை ஒன்றை உட்காருபவரின் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடி வைத்திருந்தார் அப்பா. அதில் தெரிவதைப் பார்த்து வாசிக்க வேண்டும். அக்கா ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் போட்டு, இது தெளிவா, முன்னது தெளிவா என்று கேட்பாள். வருபவர்கள் மரியாதைக்கு இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். அவள் சலிக்காமல் திரும்பப் போட்டுத் திரும்பக் கேட்பாள். அந்த அறைக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்பவள், வெளியே வந்தால் தனக்கென்று ஒரு தம்ளர் தண்ணீர்கூட யாரிடமும் கேட்கமாட்டாள்.

பெட்டிக்காரர் எங்கள் கடைக்கு வரத் தொடங்கியது நான் படிப்பை முடித்த வருஷம். லென்ஸ் கம்பெனி ஒன்றின் விற்பனை ஆள், மாதம் ஒரு தடவை வருவார். கையில் ஒரு பெரிய பெட்டி. திறந்தால் அடுக்கடுக்காக வெல்வெட் தட்டுகள், தட்டு நிறைய ஃப்ரேம்கள். பேர் வைத்தது நான்தான். அவருக்கு முன்னால் வந்துகொண்டிருந்தவர் வாய் ஓயமாட்டார். இவர் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, நாங்கள் கேட்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

முதல் நாள் வந்தபோதே ஒரு கலவரம். அம்மா வழக்கம்போலத் திரையை விலக்கித் தலையை நீட்டி, "டீ சாப்பிடுறீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு உள்ளே திரும்பினாள்.

"சாப்பிடுறேங்க. ரொம்பத் தாகமா இருக்கு" என்றார் அவர்.

அம்மா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். காரணம், அடுப்பில் இன்னும் பால் வைக்கவில்லை. முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் நடுவில்தான் எங்கள் வீட்டில் பால் கொதிக்கும். அவசர அவசரமாகப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஒரு தட்டில் பலகாரம். அதையும் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு, ஒன்று மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது, இன்னும் இருக்குமா என்று கேட்டார். நான் மணல் தட்டுக்குப் பின்னால் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் போன பிறகு அம்மா அதையே பேசினாள். பார்த்தால் நல்ல இடத்துப் பையனாகத் தெரிகிறது, இப்படியா அலைவது, வெடுக்கென்று வாங்கிக்கொண்டாரே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பக்கத்துக் கடை தையல்காரம்மாவிடம் இரண்டு தடவை சொன்னாள். தாகமாக இருந்தது, குடித்தார், இதில் என்ன என்று அப்பா கேட்டதற்கு, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். ஆனால் அடுத்த மாதம் அவர் வருகிற நாளில் அதே பலகாரத்தை இரண்டு மடங்காகச் செய்து வைத்திருந்தாள்.

அன்றைக்கென்று அவர் வேண்டாம் என்றுவிட்டார். வழியில் சாப்பிட்டுவிட்டாராம். அம்மா விடுவாளா? இரண்டாவது தடவை கேட்டாள், மூன்றாவது தடவை கேட்டாள், தட்டைக் கையிலேயே திணித்தாள். மனிதர் தட்டைப் பிடித்துக்கொண்டு தவித்துப் போனார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா" என்றார். "எங்க வீட்டுல ஒரு தடவைதான் கேப்போம். வேண்டாம்னு சொன்னவங்கள திரும்பக் கேட்டா, நீங்க சொன்னத நான் நம்பலன்னு சொல்ற மாதிரி."

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. கோபமில்லை. தன் வாழ்நாளெல்லாம் மரியாதை என்று நினைத்துச் செய்ததை ஒருவர் மரியாதைக் குறைவு என்கிறாரே என்று அவளுக்கு ஆச்சரியம். அதைப் பல நாள் அசை போட்டாள். காய் நறுக்கும்போது திடீரென்று நிறுத்தி, அப்படியும் ஒரு வீடு இருக்குமா என்பாள். அப்பா சிரிப்பார். ஒரு டீயை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் யோசிக்கிற ஆள் உன்னை விட்டால் கிடையாது என்பார்.

பெட்டிக்காரரும் அக்காவும் எப்போது பழகினார்கள் என்று கேட்டால் என்னால் ஒரு நாளைச் சொல்ல முடியாது. புது ஃப்ரேம் வந்தால் யாராவது போட்டுக் காட்ட வேண்டும். அக்கா போட்டுக் காட்டுவாள். ஒரு நாள் தடித்த கறுப்பு ஃப்ரேம் ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றாள். அப்பா வழக்கம்போல, இன்னொன்றும் பார்த்துவிடலாமே என்றார். பெட்டிக்காரர், "இது உங்களுக்குப் பொருந்தலைங்க" என்றார். தன் கம்பெனி சரக்கை இப்படிச் சொல்கிற விற்பனை ஆளை நான் பார்த்ததே இல்லை. அக்கா சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் வந்தால் அவளே தட்டுகளை எடுத்து அடுக்குவாள். இது எப்படி, அது எப்படி என்று கேட்பாள். அவர் இருப்பதை இருக்கிறபடி சொல்வார். கடையில் வேலை முடிந்த பிறகும் பெட்டியை மூட அவருக்கு வெகு நேரமாகும்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு கட்டத்தில் கணக்கு உதைத்தது. அவர் வருகிற நாளில் அக்கா நல்ல புடவையாக எடுத்துக் கட்டுவாள், கொண்டையை இரண்டு தடவை அவிழ்த்துப் போடுவாள். அவர் போன பிறகு முகம் தொங்கிவிடும். இரண்டு நாள் யாரோடும் பேச்சு இருக்காது. அவரும் முன்பு போல இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், சீக்கிரம் பெட்டியை மூடிவிடுவார். அதோடு ஒரு வேடிக்கை. டீ வேண்டுமா என்று அம்மா கேட்டால் இப்போது, "வேண்டாங்க, பரவால்லைங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். மூன்றாவது தடவைதான் வாங்கினார். தட்டில் ஒன்றை மிச்சமும் வைத்தார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பையன் தேறிவிட்டான் என்று தையல்காரம்மாவிடம் சொன்னாள்.

ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அக்காவைச் சோதனை அறையில் பிடித்துக்கொண்டேன். அவள் லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அதனதன் பள்ளத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டதும் சொன்னாள். எங்கள் வீட்டில் எதற்கும் அதுதான் முறை.

சில மாதங்களுக்கு முன்பு, அப்பா வெளியே போயிருந்த ஒரு நாளில் அவர் கேட்டிருக்கிறார். சுற்றி வளைக்கவில்லை. பெட்டியை மூடி வைத்துவிட்டு, எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, உங்களுக்கும் சம்மதம் என்றால் உங்கள் அப்பா அம்மாவிடம் பேசட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?"

"அதெல்லாம் வேண்டாங்கன்னு சொன்னேன்."

"ஏன், பிடிக்கலையா?"

அவள் லென்ஸைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "இன்னொரு தடவை கேப்பாருன்னு நெனச்சேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. உண்மையில் அடித்தும்கொண்டேன். ஒரு தடவைதான் கேட்பேன் என்று அந்த மனிதர் நம் வீட்டு நடுக்கூடத்தில் நின்று சொன்னாரே, காதில் விழவில்லையா என்று கத்தினேன். அது பலகாரத்துக்குச் சொன்னது என்று நினைத்தேன் என்றாள். சரி, நீயே போய்ச் சம்மதம் என்று சொல்லித் தொலையேன் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ தெருவில் இறங்கிப் பிச்சை எடுக்கச் சொன்ன மாதிரி இருந்தது. "நானா? எப்படிடீ?" என்றாள். எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் அவள் முகம் தெரியாமல் இருக்கத் திரும்பி நின்றுகொண்டாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

அதற்கு அடுத்த தடவை வந்தபோது, பெட்டிக்காரர் அப்பாவிடம் ஒரு செய்தி சொன்னார். கம்பெனி அவரை வேறு பக்கத்துக்கு மாற்றுகிறதாம். ரொம்பத் தூரமாம். அடுத்த மாதம் வருவதுதான் கடைசி. அதற்குப் பிறகு வேறொருவர் வருவார். அப்பா வருத்தப்பட்டார், கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா கையிலிருந்த சின்னத் திருகாணிகள் தரையில் சிதறின. நானும் அவளும் தரையில் தவழ்ந்து தேடினோம். அவரும் குனிந்து தேடினார். மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அன்று சாயங்காலமே நான் அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள். அவசரக்குடுக்கையிடம் சத்தியம் வாங்கினால் அப்படித்தான்.

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். அவர் என்ன வார்த்தை சொன்னார், இவள் என்ன வார்த்தை சொன்னாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லிக் குடுத்ததுதானே" என்றாள். "எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்னு சொல்லிக் குடுத்தேன். எதுக்குச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கல பாரு."

என் அம்மா தன்னைத் தானே குறை சொல்லிக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னோம். நான் பேசுகிறேன் என்றார் அவர். வேண்டாம், இது நான் போட்ட முடிச்சு, நானே அவிழ்க்கிறேன் என்றாள் அம்மா. பெண்ணைப் பெற்றவர்கள் நாமாகப் போய்க் கேட்பதா என்று ஒரு நிமிஷம் தயங்கினாள். அப்புறம் அவளே, கேட்டால் என்ன, கௌரவத்தைக் கட்டிக்கொண்டு அழுவதா என்றும் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தாள். பெட்டிக்காரரின் வழக்கப்படி ஒரே ஒரு தடவைதான் கேட்பாள். நம் வழக்கத்தைக் காட்டி அந்த மனிதரை மறுபடியும் தவிக்க வைக்கக் கூடாது. அவர் இல்லை என்றால் இல்லைதான். அந்தச் சொல்லை நம்ப வேண்டும்.

அந்த மாதம் எங்கள் வீட்டில் நேரம் நகரவே இல்லை. அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அம்மா கூடத்து நாற்காலிகளை ஒரு நாளைக்கு நாலு தடவை துடைத்தால் யாருக்குத்தான் தெரியாது? இன்றைக்கும் அந்தக் கூடத்தை நினைத்தால் எனக்கு முதலில் அந்த நாற்காலிகள்தான் ஞாபகம் வருகின்றன. ஜன்னலுக்குக் கீழே வரிசையாக, யாருக்காகவோ காத்துக்கொண்டு.

அவர் வந்தார். அப்பாவிடம் கணக்கு வழக்கை முடித்துக்கொண்டு கும்பிட்டு விடைபெறப் போனபோது, அம்மா திரையை விலக்கி உள்ளே வரச் சொன்னாள். இத்தனை நாளில் அவர் திரையைத் தாண்டி வந்தது டீ குடிக்க மட்டும்தான், அதுவும் நின்றபடியே. அன்று உட்காரச் சொன்னாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். அக்கா சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது, எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா சுற்றி வளைக்கவில்லை. அவரிடம் கற்றுக்கொண்டிருந்தாள்போல.

"தம்பி, எங்க பெரிய பொண்ண உங்களுக்குக் குடுக்கணும்னு எங்களுக்கு ஆசை. கட்டிக்கிறீங்களா?"

அவர் முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. எழுந்து நின்றார். பெட்டி மடியிலிருந்து நழுவியது, பிடித்துக்கொண்டார். அப்பாவைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"அதெல்லாம் எதுக்குங்கம்மா" என்றார். "வேண்டாங்க."

அம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு ரொம்ப மரியாதையாக, "சரிங்க தம்பி" என்றாள். மனம் நோகும்படி எதுவும் கேட்டிருந்தால் மன்னிக்க வேண்டும் என்றாள். டீ கொண்டுவருகிறேன் என்று எழுந்துகொண்டாள்.

அவர் என்ன நினைத்தார் என்பதை ரொம்பப் பின்னால்தான் எங்களிடம் சொன்னார். அக்கா வேண்டாம் என்ற கொஞ்ச நாளுக்கெல்லாம், சட்டையில் அறுந்த பொத்தானைத் தைக்கத் தையல்காரம்மா கடைக்குப் போயிருக்கிறார். முதல் தடவையே டீ வாங்கிக் குடித்த ஆள் நீங்கள்தானா என்று அந்த அம்மா கேட்டு, எங்கள் வீட்டுச் சட்டத்தையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். அக்கா சொன்ன வேண்டாமும் அந்த ரகமாக இருக்குமோ என்று அவருக்கு ஒரு நப்பாசை. ஆனால் ஒரு பெண் வேண்டாம் என்ற பிறகு திரும்பக் கேட்பது அவர் வளர்ந்த வீட்டில் அயோக்கியத்தனம். அதற்கு அவருக்கு வாய் வரவில்லை. நடந்துகொள்வதாவது இவர்களுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்வோம் என்றுதான் எங்கள் சட்டத்தைக் கற்றுக்கொண்டாராம். "ஒரு டம்ளர் டீய மொத தடவையே வாங்கினதுக்கு ஊரெல்லாம் பேச்சு வாங்கினேன். பொண்ண மொத தடவையே வாங்கிக்கிட்டா என்ன ஆகறது?" என்று கேட்டார்.

இதெல்லாம் அப்போது எங்களுக்கு எங்கே தெரியும்? அவர் நின்றுகொண்டே இருந்தார். விடைபெற்றவர் கிளம்ப வேண்டும், கிளம்பவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். அம்மா மிகவும் மரியாதையோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அடுக்களைக்கு நடந்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். இவ்வளவு நல்ல மனிதர்கள் நாலு பேர் ஒரு கூடத்தில் சேர்ந்தால் எதுவுமே நடக்காது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சோதனை அறைக் கதவின் இடுக்கில் நின்று அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காக நிற்கிற முகம் எப்படி இருக்கும் என்பது எங்கள் வீட்டிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அத்தனை மாதமும் அவள் அப்படித்தான் நின்றாள்.

கதவு திறந்தது.

"அம்மா" என்றாள். "இன்னொரு தடவை கேளும்மா."

அம்மா அடுக்களை வாசலில் திரும்பினாள். அக்காவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. திரும்பி வந்து அவர் எதிரில் நின்று, எங்கள் பெண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள் தம்பி என்று இரண்டாவது தடவை கேட்டாள்.

"வேண்டாங்க" என்றார் அவர். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்பதையும் யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சிரிக்கத்தான் முயன்றார், கண் நிறைந்துவிட்டது.

அப்பா இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு தடவை. அம்மா வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. மறுபடி முயன்றாள், அழுகைதான் வந்தது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் மூன்று தடவை கேட்டவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டுவிடலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன்.

அக்கா என்னைத் தாண்டிப் போனாள். கையில் லென்ஸ் துடைக்கிற துணி அப்படியே இருந்தது. அவர் முன்னால் போய் நின்று, நேராக முகத்தைப் பார்த்து, மூன்றாவது தடவையை அவளே கேட்டாள்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"கட்டிக்கிறேன்" என்றார் அத்தான்.